மூன்றாவது முறை கூப்பிடும்வரை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தலை ஈரமாக இருக்கிறவர்கள் துவட்டிக்கொண்டு வாருங்கள், கதை எங்கும் ஓடிப்போய்விடாது. கதவை ஒருக்களித்து மட்டும் சாத்துங்கள், வெளியே போனவர்கள் இன்னும் வீடு திரும்பவில்லை. இன்றைக்குச் சொல்லப்போவதைப் பேய்க் கதை என்றாலும் சரி, பெட்டிக் கதை என்றாலும் சரி. கேட்டு முடித்துவிட்டு நீங்களே ஒரு பேர் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பயம் வந்தால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் குமுதவல்லி என்று ஒரு பெண் இருந்தாள். வீட்டில் குமுதா. முப்பது வயதைத் தாண்டியவள், கெட்டிக்காரி, கொஞ்சம் வாய்த் துடுக்கு. அவள் பார்த்த வேலையைச் சொன்னால் நிறைய பேருக்கு விளங்காது. கம்பெனிகள் தங்கள் படங்களையும் கணக்குகளையும் சேர்த்து வைக்கிற பெட்டிகளை மாட்டுவது, எழுப்புவது, நோய் பார்ப்பது. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம் நிற்கும். ரேக் என்பார்கள். அதற்குள் இழுப்பறைகளை அடுக்கியதுபோலத் தட்டுத் தட்டாகப் பெட்டிகள். ஒவ்வொரு தட்டின் முகத்திலும் பல்வரிசை மாதிரி டிஸ்க்குகள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கடுகளவு விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலைப்பெட்டி.

தோட்டத்துக் காலைப் பெரட்டை, ஆள் கணக்கெடுக்கிற அந்த வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கிற டிஸ்க்குகள் ஆள்கள். மேலே இருக்கிற பெட்டி மண்டோர், வேலை வாங்குகிற கங்காணி. மண்டோர் பேர் கூப்பிட, ஆள் ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் எழுப்புவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆள்களை எழுப்ப வேண்டும். கடுகு விளக்குகள் துடிதுடித்து அடங்கி, அசையாத பச்சையாக நிற்கும்வரை பொறுக்க வேண்டும். அதன் பிறகுதான் மண்டோரைத் தட்டலாம். அவசரப்பட்டு மண்டோரை முதலில் எழுப்பினால், அவன் இருட்டில் நின்றுகொண்டு பேர் கூப்பிடுவான். தூங்குகிறவன் எப்படிப் பதில் சொல்வான்? இப்படி ஓர் ஆளே கிடையாது என்று பேரை அடித்துவிடுவான். அடித்ததைத் திரும்பச் சேர்ப்பது பெரும் பாடு. சில சமயம் சேர்க்கவே முடியாமல் போகும்.

மழைக்காலத்தில் ஒரு காலை, குமுதா ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. கோலா பிலா பக்கத்துக் கல்லுமேட்டுத் தோட்டம். பேசியவர் சசிதரன், அங்கே உதவி மேனேஜர், சிரம்பான் ராசாவில் வீடு, யாழ்ப்பாணப் பேச்சு. மெதுவாகப் பேசுகிற மனிதர்.

“தங்கச்சி, நேத்துச் சாயங்காலம் இடி விழுந்து கரண்டு போயிட்டுது. இப்ப வந்திட்டுது. ஆனா எங்கட கேமராப் பெட்டி எழும்புதில்லை.”

“சாயங்காலம் வரேன் சார். சிரம்பான்ல ஒரு வேலை இருக்கு.”

“இல்லம்மா. இங்க ஒரு ஆளைக் காணேல்ல. பின்கேட்டு ஜாகா, காவலுக்கு நிக்கிறவர். கடைசியா எந்தப் பக்கம் போனாரெண்டு அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு.”

குமுதா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

புக்கிட் புத்துஸ் மேட்டில் ஏறும்போதே வானம் கறுத்து இறங்கியிருந்தது. பகல்தான், ஆனால் கார்கள் எல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன. தோட்டத்துக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. மட்டைகள் மேலே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்க, கீழே பாதை சாயங்காலம்போலக் கிடந்தது. ஆபீஸ் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் சேறு படிந்த பூட்ஸோடு நின்றார்கள். விடிய விடியத் தேடிய முகங்கள்.

மண்டோர் வீரமுத்து குமுதாவின் பையைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். “போம்மா, ஐஸ் ரூம் உள்ளதான். எங்க வீட்டுல ஃபேன் ஓடி நாலு மாசம் ஆச்சு. அந்தப் பொட்டிக்கு மட்டும் ஏர்கோன் நிக்கக் கூடாதாம். போன ஜென்மத்துல என்ன புண்ணியம் செஞ்சுச்சோ.”

அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, ஒரு பெண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அவள்தான் நீலாவதி, காணாமல் போன மாயாண்டியின் மகள். நாற்று மேடையில் வேலை. அம்மா போன பிறகு அப்பாவும் மகளும்தான் வீட்டில். நனைந்த துணியோடு குளிர் அறைக்குள் வந்து, ரேக்குக்கு எதிரே சுவரை ஒட்டி நின்றுகொண்டாள்.

“உங்க அப்பா எத்தனை மணிக்குக்கா போனாரு?” என்று குமுதா கேட்டாள்.

“எப்பவும் போலத்தான். முனியாண்டி சாமிக்கு விளக்கு வெச்சிட்டு, பின்கேட்டைப் பூட்டிட்டு வருவாரு. குடை எடுத்துட்டுப் போனாரு. சாப்பிடாம போயிட்டாரு.” அவள் மூச்சை இழுத்தாள். “அவருக்கு இனிப்பு நீரு. சாப்பிடாம இருந்தா மயக்கம் வந்துரும். பின்கேட்டுல இருந்து ஓடை வரைக்கும் பள்ளம். நேத்து மாதிரி இன்னொரு மழை பேஞ்சா பாரிட்டு வாய்க்காலெல்லாம் ரொம்பிரும். எங்கயாச்சும் விழுந்து கிடந்தாருன்னா…”

முடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வானம் இன்னும் ஒரு படி இறங்கி வந்திருந்தது.

சசிதரன் தொண்டையைக் கனைத்தார். “ஒரு விசயம் சொல்ல வேணும், குமுதா. கரண்டு வந்தவுடன நான் மேல் பெட்டியைத் தட்டிப்போட்டன். கீழ எல்லாம் சிவப்பா எரிஞ்சுது. பயந்துபோய் நிப்பாட்டிட்டன்.”

“நிப்பாட்டினீங்களே, அது போதும் சார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா எல்லார் பேரையும் அடிச்சிருக்கும்.”

குமுதா ரேக்கின் பின்பக்கம் போய்க் குனிந்தாள். முதலில் மூக்குதான் வேலை செய்யும். கருகிய வாடை இருக்கிறதா? இல்லை. வயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். பேட்டரிப் பெட்டி உயிரோடு இருந்தது. முன்னால் வந்து அடித்தட்டிலிருந்து தொடங்கித் தட்டுகளை ஒவ்வொன்றாக எழுப்பினாள். உள்ளே விசிறிகள் ஒரேயடியாக இரைந்து, தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் அறையை நிறைத்தது. கடுகு விளக்குகள் துடிக்க ஆரம்பித்தன.

“மேல உள்ளதையும் தட்டிரு தங்கச்சி” என்றாள் நீலாவதி.

“இருங்கக்கா. இவங்க முழிக்கட்டும்.”

“எங்க அப்பா வெளிய கிடக்குறாரு.”

“தெரியுதுக்கா. இப்ப அவசரப்பட்டா அவரு போன வழியை நம்மளே அழிச்ச மாதிரி ஆயிரும்.”

நீலாவதி திரும்பச் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆனால் அவள் பார்வை குமுதாவின் முதுகில் சூடாக விழுந்துகொண்டே இருந்தது. கண்ணுகளா, காத்திருப்பதைப் போலக் கஷ்டமான வேலை கிடையாது. அதிலும் இன்னொருத்தர் உயிருக்காகக் காத்திருப்பது இருக்கிறதே, நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

ஒவ்வொரு விளக்காகப் பச்சையில் நின்றது. நடுத்தட்டில் ஒன்று சிவப்பு, அது முன்பே செத்துப்போன டிஸ்க். அதே தட்டில் அதற்கு இரண்டு தள்ளி இன்னொன்று. அதில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. இருட்டாக இருந்தது. பல்வரிசையில் ஓட்டை விழுந்த மாதிரி.

குமுதா அந்தத் தட்டுக்கு முன்னால் குனிந்தாள். ஒன்று போனால் மற்றவை தாங்கிக்கொள்ளும். ஒரே தட்டில் இரண்டு போனால் அந்தத் தட்டு ஊமை. நேற்றைய படம் கிடைக்காது. அவள் அந்த இருட்டு விளக்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ மெல்லச் சுழல்வதுபோலத்தான் இருந்தது. இன்னும் பொறுத்தாள். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்றபோது தலைப்பெட்டியைத் தட்டினாள்.

பெட்டி மண்டோர் எழுந்து பேர் கூப்பிடத் தொடங்கினான். குமுதாவின் லேப்டாப்பில் வரி வரியாக ஓடியது. இருக்கேன், இருக்கேன், இருக்கேன். நடுத்தட்டுக்கு வந்தது. செத்த டிஸ்க்கைத் தாண்டியது. இருட்டு விளக்கில் நின்றது.

பதில் இல்லை.

வரி அசையாமல் நின்றது. பிறகு திரும்பக் கூப்பிட்டது.

பதில் இல்லை.

“என்னாச்சு?” என்றாள் நீலாவதி.

“இன்னும் ஒரு தடவை கூப்பிடும்கா. மூணு தடவை கூப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் பேரை அடிக்கும்.”

மூன்று பேரும் அந்த இருட்டு விளக்கின் பக்கம் திரும்பினார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டது. ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி கண் திறந்தது.

*இருக்கேன்.*

“தூக்கம் கலையாத பய” என்று முணுமுணுத்தாள் குமுதா.

பின்கேட்டுக் கேமராவின் படத்தை நேற்றைய சாயங்காலத்துக்கு ஓட்டினாள். சத்தம் இல்லாத படம். மழைக்கு முந்தைய சாம்பல் வெளிச்சம். மாயாண்டி வருகிறார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் குடை. கேட்டை இழுத்துச் சாத்துகிறார், சங்கிலியைச் சுற்றுகிறார், பூட்டுகிறார், இழுத்துப் பார்க்கிறார். வீட்டுப் பக்கம் திரும்பி இரண்டு எட்டு வைக்கிறார்.

நின்றுவிட்டார்.

கையைத் தொங்கவிட்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, கண்ணைத் தரையில் வைத்து நின்றார். தூரத்தில் ஏதோ சத்தம் கேட்ட நாய்க்குட்டி நிற்குமே, அப்படி உடம்பெல்லாம் காதாக.

நீலாவதி வந்து திரையில் கை வைத்தாள். “கூப்பிடுறாங்க.”

“யாருக்கா?”

“தெரியலை. அப்பா இப்படித்தான் நிப்பாரு. வெளியில இருந்து சத்தம் வந்தா வாயே தொறக்க மாட்டாரு. மூணாவதுக்குக் காத்திருக்காரு.”

இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் தெரியாமல் குரல் மட்டும் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லக் கூடாது, இரண்டாவதற்கும் கூடாது. மனிதனாக இருந்தால் மூன்றாவதும் கூப்பிடுவான். மற்றதற்கு இரண்டுக்கு மேல் வராது. எல்லா வீட்டிலும் சொல்லி வளர்ப்பதுதான். கேட்டுச் சிரிக்கிறவர்கள் நிறைய. மாயாண்டி மட்டும் அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவுவதுபோலக் கடைப்பிடித்தவர்.

படத்தில் அவருக்கு எதிரே வீட்டுக்குப் போகும் பாதை நீண்டு தெரிந்தது. வெறும் பாதை. ஒருவரும் இல்லை. ஒரு மட்டைகூட அசையவில்லை. அவர் மறுபடி ஓர் எட்டு வைத்தார், மறுபடி நின்றார். அந்த வெறும் பாதையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, கேட்டை ஒட்டியிருந்த பழைய பால்காட்டுக்குள், ரப்பர் மரங்களுக்குள் இறங்கினார். குடையின் நுனி கடைசியாக மறைந்தது. சற்று நேரத்தில் திரை வெள்ளையாக எரிந்து அணைந்துபோனது. இடி.

“வீட்டு வழியில நின்னு கூப்பிட்டிருக்கு” என்றாள் நீலாவதி. “அதான் அப்பா சுத்திக்கிட்டு வரப் பார்த்திருக்காரு.”

சசிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து வீரமுத்துவைக் கூப்பிட்டார்.

வீரமுத்து படத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். “பால்காட்டுல நாங்க தேடாம இல்லைங்க சார். விடியக் காலமே போனோம். கூவு கொடுத்துக்கிட்டே ஓடை வரைக்கும் போயிட்டு வந்தோம். ஒரு சத்தம் இல்லைலா.”

“பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களாண்ணே?” என்றாள் குமுதா.

அவர் அவளைப் பார்த்த பார்வை, சாமி அறைக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பதுபோல இருந்தது. “மரத்துக்குள்ளயா?”

அதுவும் அங்கே ஒரு கட்டுப்பாடு. காட்டுக்குள், மரத்துக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், முறை சொல்லியும் கூப்பிட மாட்டார்கள். குலை வெட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் ‘கூ’ என்று கூவு கொடுப்பதோடு சரி. குரலையும் பேரையும் மரத்துக்குள் விட்டால், அங்கே ஒளிந்து கேட்டுக்கொண்டிருக்கிற ஒன்று அதைக் கற்றுக்கொள்ளும். பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருக்கிற மலாய்க்காரர்களும் இதையேதான் சொல்வார்கள்.

குமுதா திரும்பி ரேக்கைப் பார்த்தாள். நடுத்தட்டில் அந்தப் பச்சைப் புள்ளி நிதானமாக எரிந்தது.

“அண்ணே, நீங்க பேர் சொல்ல மாட்டீங்க. அவரு மூணு தடவை கூப்பிடாம வாயத் தொறக்க மாட்டாரு. அவரு பக்கத்துலயே நீங்க நடந்து போயிருந்தாலும் எப்படிக் கண்டுபிடிச்சிருப்பீங்க?”

வெளியே கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

“நான் கூப்பிட முடியாது” என்றாள் நீலாவதி மெல்ல. “அது என் குரலைக் கத்துக்கும்.”

குமுதா திரையைக் காட்டினாள். மாயாண்டி தலை குனிந்து நின்ற இடத்தில் படத்தை நிறுத்தி வைத்திருந்தாள். “இதுக்கு மேலயா கத்துக்கப் போகுதுக்கா? யாரோட குரலுக்கு உங்க அப்பா இப்படி நிப்பாரு? உங்க குரல்லதான் கூப்பிட்டிருக்கணும், வேற யாரு குரல்னாலும் கண்டுக்காம நடந்து போயிருப்பாரு.”

நீலாவதி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

பால்காடு என்று பேர்தான். பால் வெட்டுவதை விட்டுப் பல காலமாகிவிட்டது. செம்பனை போட முடியாத பள்ளம் என்று விட்டுவைத்த கொஞ்ச மரங்கள். பட்டையெல்லாம் வெட்டுக் காயம் ஆறிப் புடைத்து, வாய் மூடிய முகங்கள் மாதிரி நின்றன. வெளியே மழை பெய்தது. உள்ளே சத்தம் மட்டும் தலைக்கு மேலே இருந்தது, துளி கீழே வரவில்லை. பெரணிச் செடிகள் இடுப்பளவு. பூச்சிகள் இரைந்துகொண்டிருந்தன. வீரமுத்துவும் ஆள்களும் கயிற்றோடு பின்னால் வந்தார்கள். சசிதரனும் பூட்ஸ் சேற்றில் புதையப் புதைய வந்தார்.

நீலாவதி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறந்ததிலிருந்து மரத்துக்குள் அடக்கியே வைத்த குரல் அல்லவா. குமுதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா…”

பூச்சிகள் நின்றுவிட்டன. ஒரேயடியாக, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி. மழைச் சத்தம்கூடத் தள்ளிப் போய் நின்று காதைக் கொடுப்பதுபோல இருந்தது. பதில் இல்லை.

“அப்பா…”

ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெலிதாக, அதே குரல் திரும்பி வந்தது. எதிரொலி என்று குமுதா தனக்குள் சொல்லிக்கொண்டாள். எதிரொலிதான். ஆனால் அது கொஞ்சம் தாமதித்து வந்தது. இன்னும் கொஞ்சம் பாசமாகவும் இருந்தது.

நீலாவதி அவள் கையை நொறுக்கிவிடுகிற மாதிரி இறுக்கினாள். “வேணாம் குமு… வேணாம், போயிரலாம்.”

“ரெண்டோட நிறுத்தினா உங்களுக்கும் அதுக்கும் என்னக்கா வித்தியாசம்? அவரு இப்ப மூணாவதுக்குக் காத்துக்கிட்டு இருப்பாரு.”

நீலாவதி கண்ணை மூடிக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கூப்பிட்டாள்.

“அப்பா!”

“இருக்கேன்மா.”

பக்கத்தில்தான். காலையில் தேடினவர்களின் பூட்ஸ் தடம் அந்தப் பெரணிக்கு ஒரு கை தள்ளித்தான் போயிருந்தது. செடி மூடிய பழைய பாரிட்டுக்குள், ஒரு கால் மடங்கி, இடுப்புவரை தண்ணீரில், குடையைத் தலைக்கு மேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மாயாண்டி. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

நீலாவதி பாரிட்டுக்குள் குதித்துவிட்டாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகத் தலையைத் தூக்கினாள். “குமுதா! அந்தக் கயித்தை எடுத்துட்டு வா, குமுதா!”

கயிற்றை வைத்திருந்தவர் அப்படியே நின்றார். மரத்துக்குள் பேர் சொல்லிவிட்டாளே என்று வீரமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு கணம்தான். பிறகு எல்லாரும் பாரிட்டுக்கு ஓடினார்கள், ஓட்டத்தில் அது மறந்துபோனது. குமுதாவுக்கு மட்டும், தன் பேர் மரங்களுக்கு நடுவில் மெல்லப் போய் எங்கேயோ தங்கிவிட்டதுபோல இருந்தது.

தூக்கி மேலே கொண்டுவந்து, வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினார்கள். மாயாண்டி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மகளைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார்.

“ஏன்மா இப்படிப் பண்ணின? நேத்துல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தியே. ஒவ்வொரு தடவையும் ரெண்டோட நிறுத்திட்ட. ராவெல்லாம் கூப்பிட்ட, நான் பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். காலையில எவனோ கூவுனான், அதை யாரு நம்புவா? இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தா நேத்தே சொல்லியிருப்பேனே, இங்கதான் கிடக்கேன்னு.”

நீலாவதி அப்பாவின் ஈரத் தலையை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் கூப்பிடவே இல்லையே என்று சொல்ல அவள் வாய் திறக்கவில்லை.

“தொண்டை கட்டிருச்சுப்பா” என்றாள் கடைசியில். “அதான் மூணாவது வரலை.”

சசிதரன் தன் பிக்கப்பிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டு கோலா பிலா ஆஸ்பத்திரிக்குப் போனார். வீரமுத்துவும் ஆள்களும் கூடவே தொற்றிக்கொண்டார்கள். வண்டி செம்பனைக்குள் மறைகிறவரை நீலாவதி பின்னால் திரும்பிக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

குமுதாவுக்கு வேலை முடியவில்லை. செத்த டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். ஆபீஸில் ஒருவரும் இல்லை. குளிர் அறைக் கதவைச் சாத்தினாள். சிவப்பு விளக்கு டிஸ்க்கின் கைப்பிடியை இழுத்து வெளியே எடுத்தாள், புதியதைத் தள்ளி ‘க்ளிக்’ என்று பூட்டினாள். அதன் விளக்கு துடித்தது, பச்சையானது. தட்டுகளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை கண்ணால் தடவினாள். பல்வரிசையில் ஓட்டை இல்லை. எல்லாரும் இருக்கேன் என்றார்கள்.

“குமுதா…”

நீலாவதியின் குரல். விசிறிகளின் இரைச்சலுக்கு அந்தப் பக்கம், ஜன்னலுக்கு வெளியே.

சரேலென்று “என்னக்கா?” என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். நீலாவதி இந்நேரம் கோலா பிலா ரோட்டில், அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பாள். குமுதா கையைத் தொங்கவிட்டாள். தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டாள். படத்தில் மாயாண்டி நின்றதுபோலவே தான் நிற்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“குமுதா…”

இந்தத் தடவை கிட்டத்தில். பாசமாக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழைதான் தெரிந்தது, செம்பனைதான் தெரிந்தது.

அவள் மூன்றாவதற்குக் காத்திருந்தாள். பச்சை விளக்குகள் அத்தனையும் அவளோடு சேர்ந்து அசையாமல் காத்திருந்தன. மூன்றாவது வரவில்லை.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவைப் பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள். காருக்குப் போகும்வரை ஓடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. மேடு இறங்கி, சிரம்பான் கடைவீதி வெளிச்சம் கண்ணில் படுகிறவரை ரேடியோகூடப் போடவில்லை.

அம்பாங்கான் வீட்டுக் கேட்டுக்குள் காரை நிறுத்தியபோது, சமையல்கட்டிலிருந்து வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது. அவள் புருஷன் குணாளன் உள்ளே இருந்தபடியே கார்ச் சத்தம் கேட்டுக் குரல் கொடுத்தான்.

“குமுதா?”

அவள் வாசற்படியில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“குமுதா, நீதானே?”

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

“ஏய் குமுதா, காது அடைச்சிருச்சா? சோறு ஆறுதுலா!”

“இருக்கேன்” என்றாள் அவள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. “இருக்கேன், வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. மாயாண்டிக்குக் கால் எலும்பு கூடிவிட்டது, தடியூன்றி நடக்கிறார். இப்போது கல்லுமேட்டில் ஆளைத் தேடினால் அவன் வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போய், கையைப் பிடித்துக்கொண்டு, முறை சொல்லி மூன்று தடவை கூப்பிடுகிறார்கள். இரண்டோடு யாரும் நிறுத்துவதில்லை. குமுதா அந்தப் பெட்டிகளைப் பார்க்க இன்னமும் போய்வருகிறாள். நீலாவதி ஜன்னல் பக்கம் வந்து பேச மாட்டாள். நேரே கதவைத் திறந்து முகத்தைக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போன ஒவ்வொருவரும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வாசல் வந்து சேரட்டும். உங்களைக் கூப்பிடுகிறவர்கள் உங்கள் சொந்தமாகவே இருக்கட்டும், மூன்றாவது தடவையும் சலிக்காமல் கூப்பிடட்டும். நீங்கள் பேர் சொல்லும்போது இருக்கேன் என்று சொல்ல உங்கள் வீட்டில் ஒருவர்கூடக் குறையாமல் இருக்கட்டும்.